மேசை மேல் இல்லாத கடை

பொருளாதாரப் புவியியல் துறையில் நான் சேர்ந்த முதல் நாளே ஒரு தொப்பி, ஒரு தண்ணீர்க் குப்பி, வெயிலுக்குத் தடவும் களிம்பு ஒன்று ஆகியவற்றைக் கையில் கொடுத்து, எக்காரணம் கொண்டும் வெளியே போக மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றும் களப்பணிக்கு உரியவை. களம் இரண்டாம் மாடியில், கழிவறைக்கு எதிரே, ஏசி போட்ட அறையில் இருந்தது. பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலத்தில் ஒரு மேசை. அதன்மேல் எங்கள் ஊர். ஆற்றுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள், மேட்டுக்குச் சாந்து குழைத்து அப்பியிருந்தார்கள். ஊரில் உள்ள தொழில்கள் எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு மரக்கட்டைகளாக நின்றன. சிவப்பு என்றால் கடை, நீலம் என்றால் பஞ்சர் கடை மாதிரிப் பட்டறை, பச்சை என்றால் சந்தை. ஓர் அங்குலம் நூறு மீட்டர். தொப்பியை மாட்டி, களிம்பைத் தடவி, மேசையைச் சுற்றி வந்து நூல் பிடித்து அளப்பதற்குப் பெயர்தான் களப்பணி. அதற்கு ஏழு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றும் வீட்டாரின் சம்மதக் கடிதமும் இணைக்க வேண்டும்.

வெளியே போகாததற்கு ஒரு வரலாறு உண்டு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் துறையினர் உண்மையிலேயே ஊருக்குள் இறங்கித் தெருத்தெருவாகக் கணக்கெடுத்தார்கள். கடைசி நாளன்று, இப்போது துறைத் தலைவராக இருப்பவரை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அன்றே துறை கூடி, இனிமேல் ஊர்தான் நம்மிடம் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. மேசை வந்தது.

வரவேற்புக் கூட்டத்தில் தலைவர் அதைப் பெருமையாகவே சொன்னார்.

"வெளிய இருக்கிற ஊர் இருக்கே, அது ஒரு நிமிஷம் சும்மா நிக்காது. ஒருத்தன் கடை தொறப்பான், இன்னொருத்தன் மூடுவான், மூணாவது ஆள் எதிர்த்தாப்புல மாத்திட்டுப் போவான். இப்படி ஆடிக்கிட்டே இருக்கிறத வச்சு எவனாவது ஆராய்ச்சி பண்ண முடியுமா? நம்ம மேசை ஆடாது. நம்ம ஊர்ல நானூத்திப் பன்னண்டு தொழில். இருபத்தாறு வருஷமா நானூத்திப் பன்னண்டுதான். இந்த மாதிரி நிலையான பொருளாதாரம் உலகத்துல எங்கயும் இல்லன்னு வெளியில இருந்து வந்தவங்களே அசந்து போனாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் கொஞ்சம் தாமதமாகத் தட்டினேன். முதுகு வலிக்குக் கையைச் சட்டென்று தூக்க முடியாது.

முதுகுதான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. எனக்கு வயது முப்பத்தெட்டு. பதினேழு வருஷம் லாரி ஓட்டி முதுகெலும்பில் இரண்டு தட்டு நகர்ந்துவிட்டது. டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை வேண்டுமென்றால் பொருளாதாரப் புவியியலில் பட்டம் வேண்டும் என்றார்கள். சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது, ஏன் போகிறது என்று படிக்கிற படிப்பாம். பதினேழு வருஷம் அதைத்தானே செய்தோம், தூங்கிக்கொண்டே பாஸ் பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். நம் புத்தி அவ்வளவுதான்.

என்னைப் படி என்று விரட்டியது அக்கா. மேட்டுச் சாலை இறங்கி முடிகிற இடத்தில் அக்காவுக்கு ஒரு பஞ்சர் கடை. இரண்டு ஜாக்கி, ஒரு கம்ப்ரஸர், டியூபை அமுக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, மூன்று பக்கம் செங்கல் சுவர், முன்னால் ஒரு கதவு, மேலே தகரம். மாமா போன பிறகு ஒரு நாள் கூட மூடாத கடை. என் முதுகுக்கு வைத்தியம் பார்த்ததும், இரண்டு வேளை எனக்குச் சோறு போட்டதும் அந்தத் தகரத்தின் கீழே இருந்து வந்ததுதான். அதை மறந்தால் நான் மனுஷனே இல்லை.

முதல் பருவத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்தவருக்கு அறுகோணம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் பலகையில் ஓர் அறுகோணம் போட்டுக் காட்டுவார். கழிவறைக்கு வழி கேட்டவனுக்கும் போட்டுக் காட்டினார் என்று சொல்வார்கள். கழிவறை களத்துக்கு நேர் எதிரே இருந்ததால் அவன் எப்படியோ பிழைத்துக்கொண்டான்.

"ஒரு தொழில் ஏன் ஒரு இடத்துல அமையுது? யாராவது சொல்லுங்க பாப்போம்" என்றார் அறுகோணம்.

சிவப்பு சிக்னலில் நின்ற பஸ் மாதிரி எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"பஞ்சர் கடைய எடுத்துக்கங்க சார். மேட்டுலேருந்து லாரி இறங்குது. டிரைவர் பிரேக்க மிதிச்சுக்கிட்டே வர்றான். டயர் கொதிக்குது. சமதரைக்கு வந்ததும் படார்னு போகும். அங்க ஒரு கடை இருந்தா பொழப்பு ஓடும். எங்க அக்கா இருபத்திரண்டு வருஷமா அங்கதான் கடை வச்சிருக்காங்க."

அறுகோணம் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"இப்ப நீங்க சொன்னது என்ன?"

"நடக்கிறது சார்."

"நடக்கிறதெல்லாம் சரி. இந்தக் கருத்த உங்க அக்கா எங்க பிரசுரம் பண்ணியிருக்காங்க?"

அவர் பலகைக்குப் போய் ஓர் அறுகோணம் போட்டார். அதன் ஆறு மூலைகளிலும் ஊரின் ஆறு பகுதிகளை எழுதினார். நடுவில் ஒரு புள்ளி வைத்து, கோட்பாட்டின்படி பஞ்சர் கடை இங்கேதான் இருந்தாக வேண்டும் என்றார். அந்தப் புள்ளி ஆற்றின் நடுவில் இருந்தது.

"ஆத்துல லாரி போகாதே சார்."

"லாரி போகணும்னு கோட்பாடு சொல்லல. கடை இருக்கணும்னுதான் சொல்லுது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

குறித்துக்கொண்டேன். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. ஆற்றின் நடுவில் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.

மூன்றாம் பருவத்தில் எனக்குக் களப்பணி வந்தது. மேசையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். எனக்கு விழுந்தது மேட்டின் அடிவாரம். தொப்பியோடு குனிந்து பார்த்தேன். சாந்து மேடு இறங்கி முடிகிற இடத்தில் தூசி மட்டும் இருந்தது. படிவத்தில் 'நீலக் கட்டைகளின் எண்ணிக்கை' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"என்ன யோசனை?" என்றார் அறுகோணம்.

"இந்த இடத்துல எங்க அக்கா கடை இருக்கு சார்."

"மேசை மேல இருக்கா?"

"மேசை மேல இல்ல."

"ஆராய்ச்சியாளன் பாத்ததத்தான் எழுதணும். பாக்காதத எழுதினா அதுக்குப் பேர் மோசடி. கடைசியில உங்க இஷ்டம்."

நான் பார்த்ததை எழுதினேன். பூஜ்ஜியம். கீழே கையெழுத்துப் போட்டேன். வகுப்புப் பயிற்சிதானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். அந்தப் படிவம் மூன்றாம் தேதி துறையின் முத்திரையோடு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

ஆய்வேட்டுக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு 'தொழில்களின் கிழக்கு நோக்கிய நகர்வு: ஒரு மறுபார்வை'. இதே நகர்வைப் பற்றி நூலகத்தில் ஏற்கனவே பதினான்கு ஆய்வேடுகள் இருந்தன. தையல் கடைகள் பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது அங்குலம், அதாவது தொள்ளாயிரம் மீட்டர், கிழக்கே போயிருக்கின்றன. மக்களின் உடை ரசனை மாறியதுதான் காரணம் என்று ஒருவர் நிறுவியிருந்தார். காற்றடிக்கும் திசை என்று இன்னொருவர். இருவருக்கும் பதக்கம். அறுகோணம் முனைவர் பட்டம் வாங்கியது 'வடக்கின் வீழ்ச்சி'க்காக. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் ஊரின் வடபகுதி முழுக்கத் தொழில்கள் காலியாகிவிட்டதை அவர்தான் கண்டுபிடித்தார். அந்த வடபகுதி வழியாகத்தான் நான் தினமும் லாரி ஓட்டியிருக்கிறேன். வண்டி நகர இடமிருக்காது. ஆனால் நான் பார்த்தது பிரசுரமாகவில்லை.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கே களத்துக்குப் போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. துப்புரவு வேலை செய்யும் அம்மா, மேசையின் மேல் இருந்த ஊரை இரண்டு கைகளாலும் வழித்து ஒரு வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

அவசரமாக உள்ளே போனேன்.

"என்னம்மா பண்றீங்க?"

"தொடைக்க வேணாமா தம்பி? எவ்ளோ தூசி பாரு."

ஈரத்துணியால் மேசையைப் பளிச்சென்று துடைத்தார். ஆற்றை இரண்டு தடவை துடைத்தார். பிறகு வாளியைக் கவிழ்த்து, கட்டைகளைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

"எது எங்க இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

"நானூறு கட்டைய எவன் ஞாபகம் வச்சிருப்பான்? ஒரு குத்துமதிப்பா வைக்கிறதுதான். செவப்பு எல்லாம் ஒண்ணா இருந்தா பாக்க லட்சணமா இருக்கும், அதனால சேத்து வச்சுடுவேன்."

கடைகள் கூட்டம் கூட்டமாக அமைவது ஏன் என்று நாங்கள் ஒரு பருவம் முழுக்கப் படித்திருந்தோம்.

"கிழக்குப் பக்கமாவே வைக்கிறீங்களேம்மா?"

"வாளி இந்தப் பக்கம்தானே இருக்கு. குனிஞ்சு எடுத்து அப்படியே வச்சா அங்கதான் வரும்."

"வடக்குல ஏன் ஒண்ணுமே இல்ல?"

அவர் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். "ஏழு வருஷம் முந்தி, ஆடிப் பெருக்கு அன்னைக்கு இந்தத் தோள் பிடிச்சுக்கிச்சு தம்பி. அந்த மூலைக்கு எட்டவே மாட்டேங்குது. டாக்டர் மேல தூக்காதன்னுட்டாரு."

வடக்கின் வீழ்ச்சியை நான் நேரில் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பதா, உட்கார்ந்து அழுவதா என்று தெரியவில்லை. அவர் பச்சைக் கட்டை ஒன்றை ஊதித் துடைத்து ஆற்றோரம் வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் போனார்.

இதை வைத்துத் துறையை நாலு நாளைக்குக் கிண்டல் அடிக்கலாம் என்ற நினைப்போடுதான் அன்று அக்காவின் கடைக்குப் போனேன். கடை வாசலிலேயே அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு தாள். பின்பக்கம் காய்ந்த பசை ஒட்டியிருந்தது.

"டேய், இத படி. எனக்குத்தான் புரியலையா, இல்ல எழுதினவனுக்கே புரியலையா பாரு."

நகரத் திட்ட அலுவலகத்தின் அறிவிப்பு. மேட்டடிவாரத்தில் தொழில் ஏதும் இல்லை என்று பல்கலைக்கழகம் சான்றளித்திருப்பதால், அந்தக் காலி நிலம் அடுத்த மாதம் இருபதாம் தேதி வணிக வளாகத்துக்காகச் சமன் செய்யப்படும். அங்கே கடை வைத்திருப்பவர்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கடை இல்லாதவர்களின் ஆட்சேபம் ஏற்கப்பட மாட்டாது.

"இத எங்க ஒட்டினானுங்க தெரியுமா? என் கடைக் கதவுல! கதவுல ஒட்டிட்டுக் கடையே இல்லங்கறான். ஆபீஸுக்குப் போய்க் கத்தினேன். ஆட்சேபம் சொல்ல உங்களுக்குக் கடை இருக்கணும்மா, சான்றிதழ்ல கடை இல்லையேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான் அந்த அதிகாரி. சான்றிதழையும் காட்டினான்." அக்கா என் முகத்தை நேராகப் பார்த்தாள். "கீழ கோணல்மாணலா ஒரு கையெழுத்து. அது உன்னோடதாடா?"

பதினேழு வருஷம் சரக்குச் சீட்டில் போட்ட அதே கோணல் கையெழுத்து.

"பூஜ்ஜியம்னு எழுதியிருக்க" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "கண்ணு முன்னாடி இருக்கிறத எப்படிடா பூஜ்ஜியம்னு எழுத வருது?"

மேசை, தொப்பி, வாளி என்று ஏதேதோ உளறினேன். அக்கா பாதியில் திரும்பிப்போய் ஒரு டியூபைத் தொட்டியில் அமுக்கினாள். எனக்கு அவமானமாக இருந்தது. கடை போய்விட்டால் அவள் எங்கே போவாள்? இருபத்திரண்டு வருஷம் கழித்து வேறு எந்த இறக்கத்துக்கு அடியில் போய் உட்காருவாள்?

மறுநாள் காலையிலேயே தலைவரின் அறைக்குப் போனேன். அறுகோணமும் அங்கே இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அக்கா கடை இருக்கிறது, என் கண்ணால் தினமும் பார்க்கிறேன், சான்றிதழைத் திருத்துங்கள் என்றேன்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, ஊர் சரியா இருக்கான்னு பாக்கிறது எங்க வேலை இல்ல. நாங்க சொல்றபடி இருக்கோமான்னு ஊர்தான் பாத்துக்கணும். நீங்க ஒரு கடைக்காகச் சான்றிதழ மாத்தச் சொல்றீங்க. நாளைக்கு இன்னொருத்தன் வருவான், எனக்கும் கடை இருக்கும்பான். அப்புறம் ஊர்ல இருக்கிற கடையெல்லாம் இருக்குன்னு ஆயிடும். துறை என்னத்துக்கு?"

"வண்டியில போனா அரை மணி நேரம் சார். ஒரு தடவ வந்து பாத்துடுங்களேன்."

தலைவரின் கை தானாகக் கெண்டைக்காலுக்குப் போனது.

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. துப்புரவு அம்மாவைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பொறுக்க முடியவில்லை. வாளி, ஈரத்துணி, செவப்பின் லட்சணம், தோள் வலி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இனிமேல் இந்தத் துறையை இழுத்து மூடிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அறுகோணம் மெல்லக் கேட்டார். "அந்தம்மாவுக்குத் தோள் பிடிச்சது எந்த மாசம்?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சார்! வடக்கு விழுந்த மாசம்னு நான் எழுதினதும் அதே மாசம்தான். பத்து நாள் கூட வித்தியாசம் இல்ல. எவ்வளவு துல்லியம்!"

தலைவர் தலையசைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எந்த ஊரும் யாரோ ஒருத்தர் கை பட்டுத்தான் நகருது தம்பி. அது யார் கைன்னு கேக்கிறது நம்ம பாடத்திட்டத்துலயே இல்ல. அந்தம்மா பாட்டுக்குத் தொடைக்கட்டும். தொந்தரவு பண்ணாதீங்க."

ஆனாலும் நான் விடவில்லை. மறுநாளும் போய் நின்றேன். அதற்கு மறுநாளும். மனு எழுதினேன், மனுவுக்கு நினைவூட்டல் எழுதினேன், நினைவூட்டலுக்கு நகல் எடுத்தேன். கடைசியில், புதுக் கட்டை சேர்ப்புக் குழு என்று ஒன்று இருப்பதாகவும், அது அமைக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு தடவையும் கூடியதில்லை என்றும் எழுத்தர் சொன்னார். அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். குழு கூடத் தேதி குறித்தார்கள். இருபதாம் தேதி, காலை பதினொரு மணி.

இருபதாம் தேதி காலை பத்தரைக்கு மேட்டிலிருந்து புல்டோசர் இறங்கியது.

அக்கா கடை வாசலில் டயர் லீவரைக் கையில் பிடித்தபடி நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியாது. புல்டோசர் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து உத்தரவை எடுத்துப் படித்தார். கடையைப் பார்த்தார். மறுபடி படித்தார். இறங்கி வந்தார்.

"மேட்டடிவாரம் இதானே?"

"இதான்" என்றாள் அக்கா.

"காலி நிலத்தச் சமன் பண்ணுன்னு போட்டிருக்கு. இது காலி இல்லையே. கடை இருக்கே."

அக்கா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மாதமாக அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

"இருக்குங்க" என்றாள். "நல்லா பாருங்க, இருக்கு."

"அப்ப நான் தொட முடியாதும்மா. சமன் பண்ணத்தான் எனக்கு உத்தரவு. இடிக்கணும்னா அதுக்குத் தனி உத்தரவு வேணும், கடை இன்னாருது, இத்தன அடி அகலம்னு எழுதியிருக்கணும். இல்லாத கடைய இடிச்சுட்டு நான் எவன்கிட்ட போய்ப் பதில் சொல்றது? பதினெட்டு வருஷம் சர்வீஸ்." அவர் உத்தரவை மடித்து வைத்தார். "இங்க கடை இருக்குன்னு ஒரு பேப்பர் வரட்டும். வந்தா இடிச்சுத்தான் ஆகணும், கோவிச்சுக்காதீங்க. அதுவரைக்கும் நான் காலி நிலத்தத் தேடிப் பாக்கறேன்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அக்கா லீவரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கடை இருக்கிறது என்று ஒரு பேப்பர். அந்தப் பேப்பரைக் கேட்டுத்தான் ஒரு மாதமாகக் குழுவின் கழுத்தைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தேன். இன்று பதினொரு மணிக்கு அதை என் கையில் கொடுக்கப் போகிறார்கள்.

பஞ்சர் ஒட்டி முடித்துப் புறப்பட இருந்த லாரிக்காரரிடம் சாவியைப் பிடுங்கினேன். முதுகு என்னைச் சபித்தது. பதினொன்றே காலுக்குக் களத்துக்குள் நுழைந்தேன்.

மேசையைச் சுற்றிக் குழு உட்கார்ந்திருந்தது. எல்லோர் தலையிலும் தொப்பி. தலைவர், அறுகோணம், நகரத் திட்ட அதிகாரி, இன்னும் இரண்டு பேர். நடுவில் ஒரு தட்டு. தட்டில் புத்தம்புதிய நீலக் கட்டை, வண்ணம் காயாத வாசனையோடு.

"வாங்க தம்பி!" என்றார் தலைவர். இப்படி அவர் என்னை வரவேற்றதே இல்லை. "உங்க விடாமுயற்சிய மெச்சணும். மனுவ ஏத்துக்கிட்டோம். இருபத்தாறு வருஷத்துல முதல் புதுக் கட்டை! உங்க அக்கா கடை அறிவியலுக்குள்ள வருது. உங்க கையாலயே வையுங்க."

அதிகாரி என் தோளில் தட்டினார். பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"எங்களுக்கும் நிம்மதி. போன மாசம் மூணாம் தேதி சான்றிதழ்ல இல்லாத கடை இன்னைக்கு இருக்குன்னா, நடுவுலதானே மொளச்சிருக்கணும்? அது ஆக்கிரமிப்பு. இருபத்துநாலு மணி நேரத்துல எடுத்துடலாம். கவலைப்படாதீங்க, காலையில மாதிரி கோளாறு நடக்காது. இந்தத் தடவ முறையா இடிப்போம்."

எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். நல்ல மனிதர்கள்தான். யாருக்கும் என்மேல் எந்தக் கோபமும் இல்லை. தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள்.

நான் கட்டையைத் தொடவில்லை.

"மன்னிச்சுக்கங்க சார். அங்க கடை இல்ல."

தொப்பிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின.

"என்ன இல்ல?"

"கடை சார். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"ஒரு மாசமா இருக்கு இருக்குன்னு உயிர வாங்கினீங்களே!" என்றார் தலைவர்.

"அனுபவத்த வச்சுச் சொல்லிட்டேன் சார். மேசையப் பாத்துச் சொல்லியிருக்கணும்."

அதிகாரி பேனாவை மூடவில்லை. "அப்ப உங்க அக்கா?"

"அக்கா இருக்காங்க. கடை இல்ல."

"கடை இல்லாம அங்க என்ன பண்றாங்க?"

"உக்காந்திருக்காங்க."

"லாரியெல்லாம் நிக்குதாமே?"

"பிரேக் பிடிச்சா நிக்கும் சார்."

"டயருக்குக் காத்தடிக்கிறாங்களாமே!"

"காத்து எல்லா இடத்துலயும் இருக்கு சார்."

அறுகோணம் முன்னால் குனிந்தார். அவர் கண்ணில் ஒரு ஒளி தெரிந்தது. "சரி, ஊர்ல பஞ்சர் கடைன்னு ஒண்ணு இருந்தா அது எங்க இருக்கும்?"

"ஆத்துக்கு நடுவுல சார்."

"லாரி?"

"லாரி போகணும்னு கோட்பாடு சொல்லல."

அறுகோணம் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சேர்ந்த அன்னைக்கு ஒரு டிரைவரா வந்தீங்க. கண்ணால பாத்ததயெல்லாம் நம்பினீங்க. இப்பத்தான் படிப்பு ஏறியிருக்கு. சொந்த அக்கா கடைய, இல்லன்னு சொல்ற நேர்மை எத்தன பேருக்கு வரும்? இதுக்கு மேல உங்களுக்குத் தனியா ஒரு வாய்மொழித் தேர்வு எதுக்கு? இதையே வச்சுக்குவோம்."

முதல் வகுப்பு போட்டார்கள். கடை இல்லை என்று மூன்று படிகளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதிகாரி ஒரு படியை எடுத்துக்கொண்டு, இனி இந்தக் கோப்பை எவனும் திறக்க முடியாது என்று சந்தோஷமாகக் கட்டி முடிச்சுப் போட்டார். புல்டோசர் மதியம் பல்கலைக்கழக விளையாட்டுத் திடலைச் சமன் செய்ததாகக் கேள்வி. திடல் ஏற்கனவே சமமாகத்தான் இருந்தது, அதனால் வேலை சீக்கிரம் முடிந்ததாம்.

சாயங்காலம் அக்காவிடம் போய் நின்றேன். அவள் ஒரு டயரை ரிம்மிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லிட்டு வந்த?"

"கடை இல்லன்னு சொல்லிட்டு வந்தேன்."

"கேட்டானுங்களா?"

"மூணு தடவ கேட்டாங்க. மூணு தடவயும் சொன்னேன்."

நெம்பிய கை நின்றது. "முட்டி தேயத் தேய இருபத்திரண்டு வருஷம் இந்த மண்ணுல உக்காந்திருக்கேன். அத இல்லன்னு நம்ம வாயாலயே சொன்னாத்தான் இருக்க விடுவானுங்களா?"

இரண்டு வருஷம் படித்ததில் இந்தக் கேள்வி எங்கேயும் வரவில்லை.

பட்டம் மூன்று மாதம் கழித்து வந்தது. தங்க நிறத்தில் ஓரம் போட்ட பெரிய தாள். கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போனேன். டிப்போவில் வேலையும் உறுதியாகியிருந்தது. ஆணியும் சுத்தியலும் கையோடு வாங்கிப் போயிருந்தேன்.

அக்கா கையைத் துணியில் துடைத்துவிட்டுச் சட்டத்தை வாங்கினாள். என் பெயரைத் தடவிப் பார்த்தாள். துறையின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் முகத்தில் நிஜமாகவே பெருமை இருந்தது.

"எந்தச் சுவத்துல அக்கா மாட்டட்டும்?" என்றேன்.

அவள் சட்டத்தை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜாக்கியை உருட்டிக்கொண்டு அடுத்த லாரிக்குப் போனாள்.

"இங்க ஏதுடா சுவர்?"